ஜாமீன் கிடைத்த பிறகும் 19 நாள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2025-ல் நடந்தது. மேற்கு மாவட்டம் ஒன்றின் பின்னலாடை நகரம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த 24 வயது இளைஞர். கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஆறு பேர் தங்கும் வாடகை அறை. அந்த அறையிலிருந்து இரண்டு செல்போனும் 8,000 ரூபாயும் காணாமல் போனதாகப் புகார். மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் இவர் மீது சந்தேகம் சொன்னார்கள். இதற்கு முன் இவர் மீது எந்த வழக்கும் இல்லை.

நான் இலவச சட்ட உதவி தரும் அமைப்பான மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர். வக்கீல் இல்லை. வாரம் ஒரு நாள், புதன்கிழமை, கிளைச் சிறைக்குப் போய் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது என் வேலை. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். அவர் திருடினாரா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. அது விசாரணையில் தெரியட்டும். பிணை ஆணை கையெழுத்தான நாளுக்கும் அவர் சிறை வாசலைத் தாண்டிய நாளுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது மட்டும்தான் இங்கே பொருள்.

கைதான நாளை முதல் நாளாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதல் நாள் ஒரு திங்கட்கிழமை.

கைதும் முதல் மனுவும்

குடியிருக்கும் இடத்தில் நடந்த திருட்டு என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 305-வது பிரிவில் வழக்கு. ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு, ஜாமீனில் விடக்கூடாத குற்றம் என்று வகைப்படுத்தப்பட்டது. இந்தச் சொல் குடும்பங்களை எப்போதும் பயமுறுத்தும். இதற்கு ஜாமீனே கிடைக்காது என்று அர்த்தம் இல்லை. காவல் நிலையத்திலேயே உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதே அர்த்தம்.

ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல், நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்லி விசாரிக்கலாம். கைது அவசியம் என்றால் காரணத்தை எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் கறாராகச் சொன்னது இது. இவரது ரிமாண்ட் அறிக்கையிலும் காரணம் எழுதியிருந்தது: வெளியூர்க்காரர், நிலையான முகவரி இல்லை, தலைமறைவாகிவிடுவார். இந்த 'வெளியூர்க்காரர்' என்ற சொல் பிறகும் இரண்டு இடங்களில் வரும்.

இரண்டாம் நாள் நடுவர் முன் நிறுத்தி 15 நாள் நீதிமன்றக் காவல். நான்காம் நாள் அம்மா வந்து சேர்ந்தார். கணவர் இறந்து எட்டு வருடம். நூறு நாள் வேலையும் பிறர் கொல்லையில் களை எடுப்பதும்தான் பிழைப்பு. அவரிடம் இலவச சட்ட உதவி பற்றி யாரும் சொல்லவில்லை. காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 1987-ஆம் வருடத்துச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். அவர் அந்த எண்ணைக் கேள்விப்பட்டதில்லை. அறைக்காரர் ஒருவர் காட்டிய வக்கீலிடம் 5,000 ரூபாய் கொடுத்தார்.

முதல் மனு ஒன்பதாம் நாள் தள்ளுபடி. விசாரணை முடியவில்லை, மனுதாரர் வெளியூர்க்காரர் என்று அரசுத் தரப்பு எதிர்த்தது. பதினாறாம் நாள் காணொலியில் ரிமாண்ட் நீட்டிப்பு. இரண்டாவது மனு பத்தொன்பதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, அனுமதிக்கப்பட்டது. ஆக ஜாமீன் கிடைத்துவிட்டது. கிராமத்துக்குப் போன் போட்டு அம்மா அப்படித்தான் சொன்னார்.

ஆணையில் எழுதியிருந்தது

ஆணை ஒரு பக்கம்தான். 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரம். அதே தொகைக்கு இரண்டு பேர் ஜாமீன், அவர்களில் ஒருவர் நெருங்கிய உறவினர். ஜாமீன்தாரர்கள் பத்திரத்தில் போட்டோ ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ஆதார் நகல் தர வேண்டும். வெளியே வந்ததும் மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30-க்கு காவல் நிலையத்தில் கையெழுத்து. தமிழ்நாட்டில் நூற்றுக்கு எத்தனையோ ஆணைகள் இதே வார்ப்பில்தான் இருக்கும்.

வக்கீல் குமாஸ்தா அம்மாவிடம் இதைச் சொன்ன விதம்: "ரெண்டு பேர், ஆளுக்குப் பத்தாயிரம்." அம்மாவின் காதில் விழுந்தது: இருபதாயிரம் கட்ட வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். பத்திரத்தில் எழுதுகிற தொகை கட்டுகிற பணம் இல்லை. 'இந்த ஆள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவார், வராவிட்டால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக்கொடுக்கிற வாக்குறுதி அது. ஆள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் யாரும் ஒரு ரூபாய்கூட நீதிமன்றத்தில் கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் கம்பெனிகள் உண்டு. அந்தப் பணம் திரும்பி வராது. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு தொழிலுக்கு இடமில்லை. இங்கே ஜாமீன்தாரர் என்பவர் அந்த ஆளைத் தெரிந்தவராக, அவர்மேல் ஒரு பிடி உள்ளவராக இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் சட்டத்தில் இடமில்லாத தொழில் நீதிமன்ற வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

டீக்கடை பெஞ்ச்

அம்மா காதில் கிடந்த அரைப் பவுன் தோட்டை அடகு வைத்தார். 22,000 ரூபாய் கிடைத்தது. இருபதாம் நாள் சனிக்கிழமை, நீதிமன்றம் இல்லை. ஆனால் ஒருவர் அங்கே இருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் நான்கைந்து பிளாஸ்டிக் உறைகள். ஒவ்வொரு உறையிலும் ஒருவரது ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், வீட்டு வரி ரசீது. உள்ளூர் ஆள்கள் இரண்டு பேரைத் தருவதாகவும், நீதிமன்றத்தில் 'கட்டுவதையும்' தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லி 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது.

"அம்மா, உங்ககிட்டயே வீட்டு ரசீது இருந்திருக்குமே, நீங்களே நின்னிருக்கலாமே?" என்று பிறகு கேட்டேன். "அது அவரு பேருல இருக்குது மேடம். செத்தவரு பேருல இருந்தா செல்லாதாம். அப்புறம் இந்த ஊரு ரசீதுதான் வேணுமாம்" என்றார். இரண்டையும் அவருக்குச் சொன்னது அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான்.

இருபத்து மூன்றாம் நாள் இரண்டு பேர் நடுவர் முன் நின்றார்கள். ஒருவரைப் பார்த்து நடுவர், "உங்களுக்கு இவர் என்ன உறவு?" என்றார். "சித்தப்பா பையனுங்க ஐயா." "அப்படியா, உங்க சித்தி பேர் என்ன?" அந்த ஆள் பின்னால் திரும்பிப் பார்த்தார். சித்தி அங்கேதான், தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பெயர் தெரியவில்லை.

பெஞ்ச் கிளார்க் பழைய பத்திரங்களைப் புரட்டினார். இன்னொருவரின் போட்டோ அதே மாதத்தில் வேறு இரண்டு வழக்குகளில் ஒட்டியிருந்தது. எத்தனை பேருக்கு ஏற்கெனவே ஜாமீன் நிற்கிறேன் என்பதை ஜாமீன்தாரர் தானே அறிவிக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 486-வது பிரிவு. அவர் அறிவிக்கவில்லை. இருவரையும் நடுவர் ஏற்கவில்லை, எச்சரித்து அனுப்பினார். அன்று நடுவர் செய்ததில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. போட்டோவும் ரேகையும் வைக்கச் சொல்வதே இதற்காகத்தான்.

வெள்ளைச் சட்டைக்காரர் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. பிறகு 6,000 ரூபாய் திரும்பக் கொடுத்தார். மீதி 'எழுத்துச் செலவு' என்றார். புகார் கொடுக்கலாமா என்று நான் பின்னால் கேட்டபோது அம்மா வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பையன் உள்ளே இருக்கும்போது போலீஸ் ஸ்டேஷனுக்கு இன்னொரு காகிதம் கொடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. நான் வற்புறுத்தவில்லை. அது சரியா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

நான் விட்ட பிழை

இருபத்து நான்காம் நாள், புதன்கிழமை, நான் கிளைச் சிறைக்குப் போனேன். இந்த இளைஞரை முதல்முறை பார்த்தது அன்றுதான். என் படிவத்தில் ஒரு கேள்வி: 'பிணை கிடைத்துவிட்டதா?' கேட்டேன். "கிடைச்சிருச்சுங்க மேடம்" என்றார். ஆம் என்று டிக் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனேன். முப்பத்தெட்டு பேரைப் பார்க்க வேண்டிய நாள். அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் பிணை பற்றி ஏழு அறிவுறுத்தல்கள் கொடுத்தது. ஆணை போட்ட அன்றோ மறுநாளோ அதன் நகலைச் சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஆணை வந்து ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் தன்னார்வலரையோ வக்கீலையோ அனுப்பிக் காரணம் கேட்க வேண்டும். சிறை தன் வேலையைச் செய்தது. இருபத்தொன்பதாம் நாள் வந்த பட்டியலில் இவர் பெயர் இருந்தது. எங்கள் பக்கம் அந்தப் பட்டியலை என் புதன்கிழமைக் குறிப்போடு வைத்துச் சரிபார்த்தார்கள். அதில் என் கையெழுத்தில் இருந்தது: 'பிணை கிடைத்தது. உதவி தேவையில்லை.' பெயர் கீழே தள்ளப்பட்டது.

முப்பத்தோராம் நாள் மறுபடி போனேன். வரிசையில் அதே ஆள். "நீங்க இன்னும் போகலையா?" என்றேன். "ஆள் கிடைக்கலைங்க மேடம்" என்றார், ஏதோ தன் தப்பு போல. ஆணை வந்து அன்றோடு பன்னிரண்டு நாள்.

வழிகளும் தேர்வும்

மறுநாள் அம்மாவை நீதிமன்ற வளாகத்தில் சந்தித்தேன். சட்ட உதவி அமைப்பின் முழுநேரப் பாதுகாப்பு வக்கீல் ஒருவரும் வந்தார். தனியார் வக்கீல் ஆட்சேபணையின்றி வழக்கை விட்டுக்கொடுத்தார். எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன.

ஜாமீன்தாரரே வேண்டாம், சொந்தப் பத்திரத்தில் விடுங்கள் என்று கேட்பது ஒன்று. இதற்கு அடிப்படை வலுவானது. 1978-ல் மோதிராம் என்ற மத்தியப் பிரதேசக் கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார் நடுவர். அண்ணனின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரது ஜாமீனையும் மறுத்தார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் அதை 1,000 ரூபாய் சொந்தப் பத்திரமாகக் குறைத்தார். மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து இந்த ஊருக்கு வந்தவருக்கும் அதே கேள்விதான், தூரம் மட்டும் குறைவு.

இரண்டாவது, பத்திரத்துக்குப் பதில் ரொக்கம் கட்ட அனுமதி கேட்பது. பி.என்.எஸ்.எஸ். 490-வது பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. ஆனால் அம்மா கையில் மிச்சம் இருந்தது சில ஆயிரம்தான். மறுபடி கடன் வாங்க வேண்டும், வழக்கு முடியும்வரை அந்தப் பணம் முடங்கும். இதை நாங்கள் முதலிலேயே ஒதுக்கினோம்.

மூன்றாவது, ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் உதவித் திட்டம். 2023-ல் வந்தது. விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை மாவட்டக் குழு ஒதுக்கலாம் என்று அதில் இருந்தது. நல்ல திட்டம். ஆனால் குழு கூட வேண்டும், கோப்பு நகர வேண்டும். இங்கே உண்மையில் பணம் பிரச்சினையே இல்லை, ஆள்தான் பிரச்சினை. கையில் வைத்துக்கொள்வோம், கடைசியில் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

நான்காவது, சொந்த ஊரிலிருந்தே ஆளைக் கொண்டுவந்து, உள்ளூர் ஜாமீன் வேண்டும் என்ற தடையை உடைப்பது. ஆணையை மறுபடி வரிக்கு வரி படித்தோம். அதில் 'உள்ளூர்' என்ற சொல்லே இல்லை. அது வளாகத்தில் எல்லோர் வாயிலும் இருந்த வழக்கம், ஆணையில் இல்லை. 2023-ன் ஏழாவது அறிவுறுத்தல் உள்ளூர் ஜாமீன் கேட்பதே தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும், அப்படி நிபந்தனை விதிக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. அதேபோல, ஜாமீன்தாரர் தகுதியானவரா என்று பார்க்க உறுதிமொழிப் பத்திரத்தையே நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது 485-வது பிரிவு. வீட்டு வரி ரசீது என்ற சொல் அந்தப் பிரிவில் எங்கும் கிடையாது.

வக்கீல் முதல் வழியையும் நான்காவது வழியையும் ஒரே மனுவில் வைத்தார். முதலில் சொந்தப் பத்திரம். அது முடியாது என்றால், அம்மாவை உறுதிமொழியின் பேரில் ஒரு ஜாமீனாகவும், ஊரிலிருந்து வரும் தாய்மாமனை இன்னொரு ஜாமீனாகவும் ஏற்க வேண்டும். சொந்தப் பத்திரம் மட்டும் கேட்டு, மறுத்தால் செஷன்ஸ் போவது என்பது கொள்கையளவில் சுத்தமான வழி. 484-வது பிரிவில் தொகையைக் குறைக்க செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அம்மாவிடம் கேட்டோம். "எப்புடியோ வெளிய வந்தா போதும்" என்றார். கட்சிக்காரர் சொல்வதைத்தான் வக்கீல் கேட்க வேண்டும்.

மனு

முப்பத்து மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை மனுப் போட்டோம். திங்கட்கிழமை எடுத்துக்கொண்டார்கள். சொந்தப் பத்திரம் மறுக்கப்பட்டது. மாற்று வேண்டுகோள் ஏற்கப்பட்டது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் இருக்கும். ரசீது இல்லாத அம்மாவை எப்படி ஏற்பது என்று உதவி அரசு வக்கீல் கேட்டதற்கு, பையனை வாய்தாவுக்குக் கூட்டிவர அம்மாவைவிட யாருக்கு அக்கறை இருக்கும் என்றார் நடுவர். பதினேழு நாள் கிடந்த முடிச்சு இவ்வளவு சின்னது என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதலைவிட எரிச்சல்தான் வந்தது.

பத்திரம் எழுதிய நாள்

தாய்மாமன் இரவுப் பேருந்தில் வந்தார். அறுபதை நெருங்கும் வயது, தோளில் துண்டு. மஞ்சள் பையில் வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் அளவு போட்டோ நான்கு. போட்டோ ஊரிலேயே எடுத்துவிட்டு வரச்சொல்லியிருந்தோம். இந்தச் சின்ன விஷயத்தை மறந்து அரை நாள் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பத்திரத்தைத் தட்டச்சு செய்து, போட்டோ ஒட்டி, ரேகை வைக்கும் நேரம் வந்தது. அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இதுல ரேகை வச்சா வீடு கோர்ட்டுக்குப் போயிருமா?" என்றார். வீட்டுக்காரி கேட்டுவிட்டு வரச்சொன்னாராம்.

வக்கீல் பொறுமையாகச் சொன்னார். வீட்டை அடமானம் வைக்கவில்லை. ரசீதின் நகல்தான் கோப்பில் இருக்கும், அசலைச் சரிபார்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். மருமகன் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால்தான் பேச்சு. அப்போதும் உடனே யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பத்திரம் பறிமுதலானது என்று நீதிமன்றம் எழுதி, ஏன் கட்டக்கூடாது என்று உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும். நீங்கள் காரணம் சொல்லலாம், தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. கட்டாவிட்டால் அபராதம் போல வசூலிப்பார்கள், அதுவும் முடியாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறை. அந்த எல்லை பத்தாயிரம் ரூபாய், வீடு இல்லை. இனி என்னால் பொறுப்பு ஏற்க முடியாது என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் மனுப் போட்டு விலகிக்கொள்ளலாம்.

சிவில் சிறை என்பதையும் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மாமன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓடுற பையன் இல்ல அவன்" என்று சொல்லிவிட்டு விரலை மையில் வைத்தார்.

நடுவர் இருவரையும் கேள்வி கேட்டு ஏற்றுக்கொண்டபோது மணி நாலே கால். விடுவிப்பு ஆணை தயாராகி, முத்திரை விழுந்து, சிறைக்குப் போய்ச் சேர ஆறரை ஆகிவிட்டது. லாக்கப் முடிந்துவிட்டது, காலையில் வாருங்கள் என்றார்கள். அந்த இரவு அம்மாவும் மாமனும் பேருந்து நிலையத்தில் படுத்துக்கொண்டார்கள். முப்பத்தெட்டாம் நாள் காலை எட்டு மணி சுமாருக்கு அவர் வெளியே வந்தார். கைதான அன்று போட்டிருந்த சட்டை. வந்தவர் அம்மாவைப் பார்த்து முதலில் கேட்டது தோட்டைப் பற்றித்தான்.

வெளியே வந்த பிறகு

அன்று காலை 10.30-க்கே முதல் கையெழுத்து. கம்பெனியில் ஷிப்ட் தொடங்குவது எட்டரைக்கு. தினமும் இரண்டு மணி நேரம் வெளியே போய்வரும் ஆளை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது, பழைய கம்பெனியும் வைத்துக்கொள்ளவில்லை. பழைய அறையும் இல்லை. ஊருக்கும் போக முடியாது. ஒரு நண்பரின் அறையில் தங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் சரக்கு லாரிகளில் பண்டல் ஏற்றும் வேலைக்குப் போனார். நான்கு வாரம் கழித்து நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட்டோம். திங்கட்கிழமை மட்டும் என்று மாறியது. பிறகு இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது, முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில்.

குற்றப்பத்திரிகை ஐம்பத்தெட்டாம் நாள் தாக்கலானது. இந்த வகை வழக்கில் அறுபது நாளில் தாக்கல் செய்யாவிட்டால், காவலில் இருப்பவர் பிணையை உரிமையாகவே கேட்கலாம். இங்கே ஜாமீன்தாரர் கிடைக்காமல் இழுத்திருந்தால் அந்த எல்லையை நெருங்கியிருப்போம் என்பதை நினைத்துப் பார்த்தேன்.

ஒரு வாய்தாவில் தவறு நேர இருந்தது. பேருந்து பழுதாகி அவர் வரத் தாமதமானது, பதினொன்றுக்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நடு வழியிலிருந்து அவர் போன் செய்ததால் வக்கீல் உடனே 317 மனுப் போட்டு அன்றைக்கு ஆஜரிலிருந்து விலக்கு வாங்கினார். 317 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் அதற்கு எண் 355. 2024 ஜூலை 1 முதல் அதுதான் எண், ஆனால் வளாகத்தில் இன்னும் எல்லோருக்கும் அது 317-தான். அந்த ஒரு போன் இல்லையென்றால் பிடிவாரண்ட் பிறந்திருக்கும், மாமனுக்கு நோட்டீஸும் போயிருக்கும்.

மாற்றிக்கொண்டவை

என் படிவத்தில் இப்போது 'பிணை கிடைத்ததா' என்ற கேள்விக்குக் கீழே என் கையாலேயே இன்னொரு வரி எழுதிக்கொள்கிறேன்: கிடைத்தும் ஏன் இங்கே இருக்கிறார்? கிடைத்த தேதியையும் கேட்கிறேன். தேதி ஏழு நாளைத் தாண்டியிருந்தால் அன்றே வக்கீலுக்குப் போன். 'உதவி தேவையில்லை' என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

குடும்பத்தை முதலில் பார்க்கும்போதே, ஜாமீன் மனுப் போடுவதற்கு முன்பே, இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். தொகையைக் கட்ட வேண்டாம் என்பது ஒன்று. ஆணை வருவதற்குள் ஆளைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள் என்பது இன்னொன்று. யார் நிற்பார், அவர் பெயரில் என்ன காகிதம் இருக்கிறது, அவரால் பஸ் ஏறி வர முடியுமா என்பதையெல்லாம் மனு நிலுவையில் இருக்கும்போதே பேசிவிடலாம். இறந்தவர் பெயரில் ரசீது இருக்கும் வீடுகள் எவ்வளவு என்பது கேட்கத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது. ஊராட்சி அலுவலகத்தில் பெயர் மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஆனால் பையன் உள்ளே இருக்கும்போது செய்கிற வேலையும் இல்லை.

வக்கீலும் ஒன்றை மாற்றியிருக்கிறார். வெளியூர்க்காரர் என்றால் பிணை மனுவிலேயே, உறவினரை எந்த மாவட்டத்திலிருந்தும் ஜாமீனாக ஏற்க வேண்டும் என்று ஒரு வேண்டுகோளைச் சேர்த்துவிடுகிறார். கையெழுத்து நேரத்தையும் அப்போதே பேசிவிடுகிறார்: ஷிப்ட் வேலைக்காரர், மாலை ஆறு மணிக்கு வைத்தால் வேலை போகாது என்று. சில நேரம் ஏற்கிறார்கள், சில நேரம் இல்லை. கேட்காமல் இருந்தபோது ஒருமுறையும் கிடைத்ததில்லை.

டீக்கடை பெஞ்ச் விஷயத்தில் நான் எதையும் மாற்றவில்லை. வெள்ளைச் சட்டைக்காரரை இன்னும் பார்க்கிறேன். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்.

இப்போதைய நிலை

வழக்கு சாட்சி விசாரணைக்கு வரவில்லை. தோட்டை மீட்கவில்லை, வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாய்மாமனுக்கு வாய்தா தேதிகள் மனப்பாடம். ஒவ்வொரு வாய்தா அன்றும் மதியம் எனக்குப் போன் வரும். "போனானாம்மா?" என்பார். "போயிட்டு வந்துட்டாருங்க ஐயா" என்பேன். "ரசீது பத்திரமா இருக்குதான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அசல் ரசீது அவரது மஞ்சள் பையில்தான் இருக்கிறது.